முத்தெடுத்தவன் கதை

(மீனவர், சங்குகுளித் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)

கொற்கை முத்து என்றால் நமக்கெல்லாம் ஒரு பெருமை. பாண்டியன் புகழ், ரோமாபுரிச் சீமாட்டிகள் என்று மேடைதோறும் முழங்குகிறோம். நாமும் முழங்கியவர்கள்தான். ஆனால் முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரைக் கடல் பயண நூல் என்ன சொல்கிறது? கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று சொல்கிறது! இந்தச் செய்தி மட்டும் மேடைக்கு வருவதேயில்லை.

குளியாளின் பக்கம் நின்று பார்ப்போம். காலடியில் கல். உடம்பில் கட்டிய வலைப்பை. மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருக்கும் கூட்டாளி. அவன் கை அயர்ந்தால் இவன் உயிர் போச்சு. ஒரே மூச்சு, ஏறக்குறைய ஒரு நிமிடம். பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் இப்படித்தான் ஒரே பாரில் இறங்கினார்கள். அள்ளி வந்த சிப்பி யாருக்கு? வெள்ளையர் ஆட்சியின் பிற்காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு! மிச்சமுள்ள ஒரு பங்கில்தான் குளியாளும் கயிறு பிடித்தவனும் தோணிக்காரனும் பிழைக்க வேண்டும்.

1530-களில் பரதவர் மதம் மாறிய கதையைப் பலர் எழுதினார்கள். அதன் அடியில் கிடந்த முத்துப் பார் சண்டையை எழுதியவர் சிலரே.

இதே சிப்பி ஆஸ்திரேலியாவில் என்ன செய்தது தெரியுமா? அங்கே ஆதிக்குடிகள் முத்துச்சிப்பியில் கோலம் செதுக்கிப் பாலைவனம் தாண்டிப் பண்டமாற்றுச் செய்தவர்கள். வெள்ளை முதலாளிகள் 1860-களிலும் 70-களிலும் அவர்களையே பிடித்துப்போய்க் கடலில் இறக்கினார்கள். பெண்களையும் விடவில்லை, அதைத் தடுக்க 1871-இல் சட்டமே போட வேண்டியதாயிற்று. அப்படியிருந்தும் அந்தக் கண்டம் யாருக்கும் சொந்தமில்லாத நிலமாம்!

அந்நாட்டின் வடகோடியில் டாரஸ் நீரிணைத் தீவுக்காரர்கள் 1936-இல் சிப்பித் தோணிகளை நிறுத்திப் போராடினார்கள். தங்கள் கூலியைச் சர்க்கார் அதிகாரி பிடித்துவைப்பதை அவர்கள் பொறுக்கவில்லை. அதே தீவுகளில் பிறந்து, சிப்பித் தோணியில் வேலை பார்த்த எடி மாபோ தொடுத்த வழக்கில்தான், 1992-இல், 'சொந்தமில்லாத நிலம்' என்ற பொய்யை அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் தூக்கியெறிந்தது. தீர்ப்பு வருமுன்பே மாபோ காலமாகிவிட்டார்.

நமது கடலுக்கு வருவோம். இங்கே கடைசியாக முத்துக் குளித்தது 1961-இல். 1973-இல் இதே தூத்துக்குடியில் விஞ்ஞானிகள் செயற்கை முறையில் முத்து வளர்த்தார்கள். நல்ல சாதனை, மறுக்கவில்லை. 1986-இல் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் தேசியப் பூங்காவாயிற்று. கடலைக் காக்கத்தான் வேண்டும். ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கே இறங்கியவனுக்கு அதில் என்ன பாத்தியம்? 'காலகாலமாக வருகிறோம்' என்று சொன்னால் போதாது. ஆதாரம் எங்கே என்பார்கள்.

ஆதாரம் நம் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது, தோழர்களே! தொலாயிரம் பாருக்குக் கரையில் எதை அடையாளம் வைத்துப் போனார்கள், எந்தப் பாருக்கு என்ன பெயர், யாருக்கு எவ்வளவு பங்கு – இதெல்லாம் 1961-இல் குளித்தவர்களுக்குத் தெரியும். இருப்பவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். தெருவுக்கு இரண்டு இளைஞர் பெயர் கொடுங்கள். நோட்டுப் புத்தகம் நாங்கள் கொண்டுவந்திருக்கிறோம்.