யோக்கியர் சாட்சி



"இன்னார் கண்ணால் கண்டாராம், அவர் பொய் சொல்வாரா?" என்று நம்மை மடக்குகிறார்கள். பிரான்சு தேசத்துக் கணித நிபுணர் லாப்லாஸ் 1814-இல் வெளியிட்ட புத்தகத்தில் இதற்கு விடை இருக்கிறது.

ஒரு பானையில் 1000 கோலிகள். 999 கறுப்பு, ஒன்றே வெள்ளை. ஒன்றை எடுத்துப் பார்த்து, பத்துக்கு ஒன்பது தடவை மெய் பேசும் ஒருவர் "வெள்ளை" என்கிறார். நம்பலாமா? 10,000 தடவை எடுத்தால் வெள்ளை சுமார் 10 தடவை வரும். அதில் 9 தடவை சரியாகச் சொல்வார். கறுப்பு வரும் 9,990 தடவையிலோ 999 தடவை தவறி "வெள்ளை" என்பார். ஆக, அவர் "வெள்ளை" என்ற 1008 தடவையில் மெய் 9 தான்! அவரைப் பொய்யரென்று நாம் வையவில்லை. சங்கதி எவ்வளவு அபூர்வமோ அவ்வளவு பலமான சாட்சி வேண்டுமென்கிறோம்.

இக்கணக்குக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர், 1654-இல் பெர்மாவோடு கடிதம் எழுதி ஆராய்ந்த பாஸ்கல். அந்தப் பாஸ்கலே 1656-இல், ஏசுவின் முள்முடியில் உள்ளதென்று சொல்லப்பட்ட ஒரு முள் பட்டுத் தன் தமக்கை மகளின் கண்ணோரப் புண் ஆறியதாக நம்பினார்! வைத்தியர்களும் சாட்சி சொன்னார்கள். சொந்த வீட்டு விஷயமென்றால் கணக்குப் புத்தகத்தை மூடிவிடுகிறோம் போலும்.

இன்று அபூர்வ வியாதி ஒன்று இருப்பதாக ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்தாலும் பானைக் கணக்கு இதுவே. இந்தப் பரிசோதனை நூற்றுக்கு எத்தனை தடவை தவறும், இந்த வியாதி ஆயிரத்தில் எத்தனை பேருக்கு உண்டு என்ற இரண்டையும் வைத்தியரிடம் கேளுங்கள். மறு பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள்.