வாந்தி வரும் முன்பே மாத்திரை
(நமது குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை. வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவிக்குக் கீமோதெரபி நடந்த மாதங்களில் மருந்துக் கணக்கு என் பொறுப்பு. அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

"வாந்தி எடுத்தால்தான் மருந்து வேலை செய்கிறது" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. கீமோ மருந்து குடலில் செரோடோனினை வெளிவரச் செய்கிறது. அது நரம்பு வழியே மூளையிலுள்ள வாந்தி மையத்தைத் தூண்டுகிறது. ஆன்டன்செட்ரான், கிரானிசெட்ரான் போன்றவை அந்தத் தூண்டலைத் தடுப்பவை. அதனால்தான் கீமோ ஏற்றுவதற்கு முன்பே கொடுக்கிறார்கள்.

முதல் நாள் வாந்தி இல்லை என்றதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு குமட்டல் மறுபடி தொடங்கி நாலைந்து நாள் நீடிக்கலாம். சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளில் இது அதிகம். அதற்காகத்தான் அப்ரெபிடன்ட், டெக்ஸாமெத்தசோன், ஒலான்சபின் ஆகியவற்றையும் எழுதித் தருகிறார்கள். அப்ரெபிடன்ட் மாத்திரை வழக்கமாக மூன்று நாள்: முதல் நாள் 125 மி.கி., அடுத்த இரு நாள் 80 மி.கி.

ஒலான்சபின் என்று செல்போனில் தேடினால் மனநோய் மருந்து என்று வரும். பயப்படாதீர்கள். குறைந்த அளவில், சில நாள் மட்டும் கொடுத்தால் குமட்டலை நன்றாகக் கட்டுப்படுத்தும். தூக்கக் கலக்கம் இருக்கும்; வண்டி ஓட்ட வேண்டாம், மெதுவாக எழுந்திருங்கள். டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். ஆன்டன்செட்ரானால் மலச்சிக்கலும் தலைவலியும் வரலாம்.

சென்ற முறை வாந்தி எடுத்திருந்தால் எந்த நாள், எத்தனை தடவை என்று எழுதிக் காட்டுங்கள். மருந்தை மாற்றித் தருவார்கள். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டால், பிறகு ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே குமட்டும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது கஷ்டம். குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் குறைகிறது என்றால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.

அக்கம்பக்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தளத்தில் யாருக்காவது கீமோ நடந்தால், அந்த வாரம் கருவாடு வறுக்கும்போது வாசல் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். மருந்துக் கடைக்குப் போய்வர ஆள் வேண்டுமா என்று கேளுங்கள்.