குளிரும் கழிவுநீரும்



சாக்கடையைப் பற்றி மேடையில் பேசலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். கம்பத்திலும் தேனியிலும் நாம் கழித்துவிடும் நீர், தடுக்காவிட்டால் முல்லையாற்றுக்கும் வைகைக்குந்தான் போகும். அங்கிருந்து, 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணைக்குப் போகும். அணை நீரை மதுரை ஜனங்கள் குடிக்கிறார்கள். இதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

மூத்திரத்திலுள்ள யூரியா அம்மோனியாவாக மாறுகிறது. அது மீனுக்கு விஷம். குடிநீரில் போடும் குளோரினையும் தின்றுவிடும். அதை ஒழிப்பது மந்திரமல்ல, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். ஒருவகை அதை நைட்ரைட்டாக்கும், மற்றொருவகை நைட்ரேட்டாக்கும். 1877-ல் பிரான்சு தேசத்து ஷ்லோசிங், மூண்ட்ஸ் என்ற இருவர், கழிவுநீரை மண்வழியே வடித்து, குளோரோபாரம் ஆவியைச் செலுத்திப் பார்த்தார்கள். மாற்றம் நின்றுபோயிற்று. இது உயிருள்ளவை செய்யும் வேலையென்று அன்றே ருசுவாயிற்று. தொட்டிக்குள் காற்றையூதி இக்கிருமிகளை வளர்க்கும் முறையை 1914-ல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்பவர்கள் வெளியிட்டார்கள்.

மார்கழியில் மேகமலைக் குளிர் இறங்கும்போது தொட்டியில் அம்மோனியா மிஞ்சினால், “பீடை மாதம்” என்பார் ஒருவர். “வேலைக்காரன் தூங்கிவிட்டான்” என்பார் மற்றொருவர். இருவரும் ஒரு வெப்பமானியைத் தொட்டியில் விட்டுப் பார்க்கட்டும்! நீர் 28 டிகிரியிலிருந்து 18 டிகிரிக்கு இறங்கினால், இக்கிருமிகளின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். நம் பள்ளத்தாக்கில் அவ்வளவு இறங்காவிட்டாலும், இறங்கிய அளவுக்கு வேலை குறையத்தானே செய்யும்?

காற்றுக் குறைவென்றும் சொல்ல முடியாது. குளிர்ந்த நீரில்தான் பிராணவாயு அதிகம் கரையும். குறைவது கிருமிகளின் பெருக்கமே. மற்றக் கிருமிகள் சில மணி நேரத்தில் இரட்டிக்கும். இவைகளுக்கோ ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். குளிரில் இன்னும் அதிகம். அப்படியிருக்க, வெயில் காலத்தைப் போலவே தினமும் கசடை வாரி வெளியேற்றினால் என்னாகும்? பிறப்பதைவிடப் போவது அதிகமாகும். பிறகு வெயில் திரும்பினாலும் வேலைக்கு ஆளிராது.

ஆகவே குளிர்காலத்தில் கசடைக் குறைவாக வெளியேற்றி, தொட்டியில் அதிக நாள் தங்கவைக்க வேண்டும். காற்றூதுவதையும் குறைக்கலாகாது. பரிகாரம் இவ்வளவே, தோழர்களே! இதற்கு வேண்டியது ஒரு வெப்பமானியும் தினம் எழுதிவைக்க ஒரு நோட்டுமேயாகும்.

தொட்டி கட்டியாயிற்றா என்று மட்டும் நகரசபையைக் கேட்டுவிட்டு வீட்டிற்குப் போகாதீர்கள். மார்கழியில் வெளியே விடும் நீரில் அம்மோனியா எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.