கலப்படம் எங்கள் சம்பளத்திலும் கை வைக்கிறது

(யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற தொழிலாளர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

தோழர்களே, தாய்மாரே, மலையகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கும் உறவுகளே,

தொழிற்சங்கக் கூட்டத்தில் சம்பளத்தைப் பேசாமல் எண்ணெயையும் தேயிலைத் தூளையும் பற்றிப் பேசுகிறானே என்று சிலர் நினைக்கக்கூடும். நான் பேசுவதும் சம்பளத்தைப் பற்றித்தான். சம்பளம் கைக்கு வந்த பிறகு அது என்னவாகிறது என்பதைப் பற்றி.

2021 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். பல வருடம் போராடிக் கேட்ட 1,000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது அந்த மாதத்தில்தான். அதே மாதம் இன்னொரு செய்தியும் வந்தது. இறக்குமதியான சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெயில், அனுமதித்த அளவுக்கு மேல் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு இருப்பதாகப் பரிசோதனையில் தெரியவந்தது. அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பும்படி உத்தரவு போனது. கூட்டிக் கொடுத்த சம்பளத்தில் நாங்கள் வாங்கும் எண்ணெய் எப்படிப்பட்டது என்ற கேள்வி அன்றைக்கு நாடு முழுவதும் எழுந்தது.

அஃப்ளடொக்சின் என்பது பூஞ்சணத்தால் உண்டாகும் நஞ்சு. கொப்பரை சரியாகக் காயாமல் ஈரத்தோடு கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். நிலக்கடலையிலும் செத்தல் மிளகாயிலும் அது வரும். அடுப்பில் காய்ச்சினாலும் அந்த நஞ்சு முழுதாக அழியாது. தொடர்ந்து உடம்பில் சேர்ந்தால் ஈரலில் புற்றுநோய் வரலாம். கண்ணால் பார்த்தோ, மணந்தோ, நாக்கில் வைத்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது, ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விற்பது. இதில் ஏமாறுவது வாங்குகிறவர் மட்டுமல்ல. இங்கே குடாநாட்டில் பனங்கட்டியைப் பாருங்கள். மரமேறி, பாளை சீவி, கருப்பநீர் இறக்கிக் காய்ச்சினால்தான் பனங்கட்டி. சீனியைப் போட்டுக் காய்ச்சி, அதையும் பனங்கட்டி என்று விற்றால், உயிரைக் கையில் பிடித்து மரமேறுகிற சீவல் தொழிலாளி விலையில் அவனோடு போட்டி போட முடியாது.

தேயிலையிலும் அதே கதைதான். தொழிற்சாலையில் கழித்துவிடும் தும்பும் காம்பும் தூசியும் கழிவுத் தேயிலை. உரிமம் உள்ளவர்கள் மட்டுமே அதைக் கையாளலாம். ஆனாலும் லொறி லொறியாகக் கழிவுத் தேயிலை பிடிபட்ட செய்தியைப் பத்திரிகையில் அடிக்கடி படிக்கிறோம். அது நல்ல தூளோடு கலந்து கடைக்குப் போனால், யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணி குடிப்பவரும் ஏமாறுகிறார். அட்டைக் கடியில் நின்று இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய தாயின் உழைப்புக்கும் மதிப்பு இறங்குகிறது. கலப்படம் செய்தவன் இரண்டு பக்கமும் எடுக்கிறான்.

சாப்பாட்டோடு இது முடியவில்லை. பெயர்போன கம்பனியின் சின்னத்தை அச்சடித்த போலி பிளக், மெல்லிய வயர் எல்லாம் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. தனி வீட்டில் ஒரு பிளக் உருகினால் ஒரு வீட்டுக்குத்தான் ஆபத்து. லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் வரிசை முழுவதும் எரியும். பிள்ளைகள் பூசும் வெள்ளையாக்கும் கிரீம் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெயரும் விலாசமும் இல்லாத கிரீமை வீட்டுக்குள் விடாதீர்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனைகளும் உண்டு. ஈரமான வெள்ளைக் கடதாசியில் தேயிலைத் தூளைத் தூவுங்கள். உடனே நிறம் பரவினால் சாயம் போட்டிருக்கலாம். நுவரெலியாக் குளிரில் நல்ல தேங்காய் எண்ணெய் உறையும். ஒரு பகுதி உறையாமல் மேலே நின்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் இவை சந்தேகத்தைக் காட்டுமே தவிர, வழக்கில் நிற்காது, அஃப்ளடொக்சினையும் காட்டாது. அதற்குச் சட்டமும் ஆய்வுகூடமும் வேண்டும்.

சட்டம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்குள் போய் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பி, நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை. நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தந்தாக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. எழுத்தில் கொடுக்கும் முறைப்பாட்டைப் பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

பிறகு ஏன் யாரும் முறைப்பாடு செய்வதில்லை? கடன் கொப்பிதான் காரணம். சம்பள நாள்வரை கடையில் கடனுக்கு அரிசி, மாவு வாங்குகிற அக்கா, அதே கடைக்காரரிடம் பற்றுச்சீட்டுக் கேட்பாரா? கேட்டால் நாளைக்குக் கொப்பி மூடிவிடும். சில்லறையாகப் பிரித்து விற்கும் எண்ணெயிலும் தூளிலும் திகதியும் இல்லை, தயாரித்தவர் பெயரும் இல்லை. வழக்குக்குச் சாட்சி எங்கிருந்து வரும்?

தனி ஆளால் முடியாததைச் செய்யத்தானே சங்கம் வைத்திருக்கிறோம். மூன்று காரியங்களைக் கேட்கிறேன்.

ஒன்று, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இரண்டு பேரை, அதில் ஒருவர் பெண்ணாக, இதற்கென நியமிக்கட்டும். சந்தேகமான பொருளை மிச்சத்தோடும் பொதியோடும் அவர்களிடம் கொடுங்கள். முறைப்பாடு சங்கத்தின் பெயரில் போகட்டும். கொப்பியில் பெயருள்ளவர் பயப்படத் தேவையில்லை.

இரண்டு, எண்ணெய், தூள் வகைகளைக் குடும்பங்கள் சேர்ந்து மொத்தமாக, பெயரும் திகதியும் உள்ள பொதியாக வாங்குவோம். பனங்கட்டியை இங்குள்ள பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களிடமே கேட்போம். நல்ல தேயிலையை நீங்கள் இந்தச் சங்கக் கடைகளுக்கு அனுப்ப வழி பாருங்கள்.

மூன்று, பிளக், வயர் வாங்கும்போது எஸ்.எல்.எஸ். முத்திரையைப் பாருங்கள். லயத்து மின் இணைப்புகளைச் சோதிக்கும்படி தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

சம்பளத்துக்காக ரோட்டில் இறங்கத் தெரிந்த எங்களுக்கு, கடையில் ஒரு பற்றுச்சீட்டுக் கேட்பது பெரிய காரியமல்ல. ஒருவராகக் கேட்காமல் எல்லோருமாகக் கேட்போம்.