வழிகாட்டும் பெட்டியும் வீட்டுக் கம்ப்யூட்டரும்



கைபேசியே வழி சொல்லும் காலம் இது. ஆனாலும் காருக்குத் தனியா ஜி.பி.எஸ். பெட்டி வேணும் என்கிறவங்க இருக்காங்க. அவங்க முதல்ல திரை எத்தனை அங்குலம் என்றுதான் பார்க்கிறாங்க. நான் கேட்கச் சொல்வது வேறு: உள்ளே இருக்கிற வரைபடத்தை என் வீட்டுக் கம்ப்யூட்டர் மூலமா மாத்த முடியுமா?

செயற்கைக்கோள் நாம நிற்கிற இடத்தைக் கணக்கிடத்தான் உதவும். தெருவும் பேரும் வரைபடத்தில் இருந்தால்தான் உண்டு. நம்ம ஊரையே எடுத்துக்குங்க. 2006-ல் பாண்டிச்சேரி புதுச்சேரி ஆனது. பலகையில் லால் பகதூர் சாஸ்திரி வீதி. நம்ம வாயில் இன்னும் புஸ்ஸி வீதிதான். பழைய வரைபடம் பாவம், என்ன செய்யும்?

கார்மின் பெட்டியைப் புதுப்பிக்கும் 'கார்மின் எக்ஸ்பிரஸ்' மென்பொருள் விண்டோஸுக்கும் மேக்குக்கும் உண்டு, லினக்ஸுக்குக் கிடையாது. லினக்ஸ்காரங்களுக்கும் வழி இருக்கு. யு.எஸ்.பி. வயரில் இணைத்தால் பென் டிரைவ் மாதிரி திறக்கிற கார்மின் பெட்டிகள் உண்டு. 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தைக் கார்மினுக்கு ஏற்ற கோப்பாக இறக்கி, அதில் போட்டுக்கலாம். விட்டுப்போன சந்துகளை அந்த வரைபடத்தில் நாமே சேர்க்கவும் செய்யலாம்!

'ஆயுள் முழுக்க இலவசப் புதுப்பிப்பு' என்று அட்டையில் போட்டிருப்பான். அது பெட்டியின் ஆயுள், நம்ம ஆயுள் இல்லை. மெமரி கார்டு போட இடம் இருக்கா என்றும் பாருங்க. லேப்டாப் இருந்தா கடைக்கே எடுத்துட்டுப் போய், வயரை மாட்டிப் பார்த்துட்டு அப்புறம் காசைக் கொடுங்க.