ஒன்று இரண்டாகத் தெரிந்தால்

(நம் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாத சிலர் கேட்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 36 வருஷம் வங்கியில் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதங்கள் இரட்டைப் பார்வையோடு வாழ்ந்தவன், அந்த ஒரு தகுதியில்தான் பேசுகிறேன். என் கதையைக் கேள்விப்பட்டு ஏ பிளாக் மாமி ஒருவர், தேதி குறித்திருந்த ஆபரேஷனையே தள்ளிப் போட்டுவிட்டார் என்று என் மனைவி சொன்னாள். அதனால்தான் செயலாளர் பேசச் சொன்னதும் உடனே சரி என்றேன்.

ஆபரேஷன் முடிந்தவர்களில் பெரும்பாலோருக்கு மறுநாளே பளிச்சென்று தெரிகிறது. எனக்கும் தெரிந்தது, ஆனால் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. டிவியில் கீழே ஓடும் செய்தி வரி மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஓடியது. படி இறங்கும்போதுதான் உயிர் போனது. எந்தப் படி நிஜம் என்று தெரியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், "போகப் போகச் சரியாகிவிடும் சார்" என்று மட்டும் பதில் வந்தது. மூன்றாவது முறை நேரிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இரட்டைப் பார்வை என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு ரகம் உண்டு. எது என்று வீட்டிலேயே அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு கண்ணைக் கையைக் குழிவாக வைத்து மறையுங்கள், ஆபரேஷன் ஆன கண்ணை அழுத்த வேண்டாம். பிறகு கையை மாற்றி அடுத்த கண்ணை மறையுங்கள். எந்தக் கண்ணை மறைத்தாலும் கடிகாரம் ஒன்றாகிவிட்டால், கண்கள் இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒரு கண்ணை மறைத்த பிறகும், திறந்திருக்கும் கண்ணில் இரண்டாகவோ நிழல் விழுந்தது போலவோ தெரிந்தால், கோளாறு அந்த ஒரு கண்ணுக்குள் இருக்கிறது. டாக்டரிடம் இதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பாஸ்புக்கைத் திறந்து காட்டியபடி கவுண்டருக்கு வரும் வாடிக்கையாளரின் வேலை எப்படிச் சீக்கிரம் முடியுமோ, அப்படி இங்கேயும் பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு கண்ணுக்குள் இருக்கும் கோளாறுக்கு, பெரும்பாலும் பயப்படாத காரணங்களே இருக்கும். கண் வறட்சி, மீதமிருக்கும் சிலிண்டர் பவர் ஆகியவை சொட்டு மருந்திலும் கண்ணாடியிலும் சரியாகக் கூடியவை. சில மாதங்களோ வருஷங்களோ கழித்து, லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய சவ்வு மங்கலாம். மறுபடி புரை வந்துவிட்டது என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான், உண்மையில் அது புரை இல்லை. யாக் லேசரில் சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். அபூர்வமாக, வைத்த லென்ஸே இடம் நகர்ந்திருக்கும். அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு கண்ணும் சேர்ந்தால் மட்டும் வரும் ரகத்துக்குக் காரணங்கள் பல. மரத்துப்போக ஊசி போட்டிருந்தால், கண்ணை அசைக்கும் தசையும் சேர்ந்து மரத்திருக்கும். முதல் நாள் இரட்டையாகத் தெரிவது அதனால்தான், மருந்து இறங்கியதும் போய்விடும். வாரக்கணக்கில் போகாவிட்டால் தசையில் பாதிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, ஒரு கண் மட்டும் ஆபரேஷன் ஆகி, மற்ற கண்ணுக்கு மைனஸ் ஆறு, ஏழு என்று பெரிய பவர் இருப்பது. கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது இரண்டு கண்ணிலும் உருவத்தின் அளவு வேறு வேறாகத் தெரியும், மூளையால் ஒட்ட முடியாது. அடுத்த கண்ணையும் சீக்கிரம் முடிப்பதோ, நடுவில் கான்டாக்ட் லென்ஸ் போடுவதோதான் இதற்கு வழி.

என் விஷயம் வேறு. மாறுகண் பிரிவுக்கு அனுப்பினார்கள். பல ஆஸ்பத்திரிகளில் குழந்தைகள் கண் பிரிவும் அதுவும் ஒன்றாகவே இருக்கும். சுவரெல்லாம் யானை, முயல் படம். நடுவில் 67 வயதில் நான். பரிசோதித்த டாக்டர், "பழைய போட்டோ இருந்தால் கொண்டு வாங்க" என்றார். கல்யாண போட்டோ, கிளை மேலாளர் பிரிவு உபசார போட்டோ, வங்கி அடையாள அட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போனேன். எல்லாவற்றிலும் தலை இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. "தலையை நேரா வையுங்களேன்" என்று என் மனைவி நாற்பது வருஷமாகச் சொல்லி வந்ததற்கு அன்றுதான் காரணம் கிடைத்தது. கண்ணை அசைக்கும் தசைகளில் ஒன்றுக்குப் பிறவியிலேயே பலம் குறைவு. தலையைச் சாய்த்து மூளை அதைச் சமாளித்து வந்திருக்கிறது. வலது கண்ணில் புரை முற்றியபோது அந்தக் கண்ணின் மங்கல் உருவத்தை மூளை கண்டுகொள்ளவே இல்லை. இரண்டு கண்ணையும் சேர்த்துப் பிடிக்கும் பழக்கமும் அப்போது தளர்ந்துவிட்டது. ஆபரேஷனில் கண் தெளிவானதும், பல வருஷமாக டேலி ஆகாத வித்தியாசம் ஒரே நாளில் வெளியே வந்துவிட்டது. ஆபரேஷனில் தவறு எதுவும் இல்லை. ஏ பிளாக் மாமி, இதை உங்களுக்காகவே சொல்கிறேன்.

வைத்தியம் என்ன? கண்ணாடியில் தண்ணீர் தொட்டு ஒட்டும், வரிவரியான மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று தந்தார்கள். ஒட்டும் பிரிஸம் என்கிறார்கள். வெளிச்சத்தை வளைத்து இரண்டு உருவத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கொண்டு வந்து வைக்கும். ஒரு பிரிஸம் டையாப்டர் என்றால் ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் நகர்த்தும். எனக்கு நான்கு. அதாவது மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் டிவியில் 12 சென்டிமீட்டர். இந்தக் கணக்கு எனக்குப் பிடித்துப் போயிற்று. அந்தத் தாளால் பார்வை கொஞ்சம் மங்கும், ஆனால் அளவு மாறினால் கழற்றி வேறு ஒட்டிக்கொள்ளலாம். அளவு நிலைத்த பிறகு கண்ணாடியிலேயே பிரிஸம் வைத்துச் செய்து தந்தார்கள். நடக்க ஒன்று, படிக்க ஒன்று என்று தனித்தனியாக வாங்கிக்கொண்டேன். கீழே பார்க்கும்போது எனக்கு வித்தியாசம் கூடுவதால் இரண்டும் சேர்ந்த கண்ணாடி ஒத்துவரவில்லை. பிரிஸத்துக்கு அடங்காதவர்களுக்குத் தசையில் ஆபரேஷன் உண்டு.

அதுவரை வீட்டில் எப்படிச் சமாளித்தேன் என்று பலர் கேட்டீர்கள். டாக்டரைக் கேட்டு, கண்ணாடியின் ஒரு பக்கத்தில் பால் நிற டேப் ஒட்டிக்கொண்டேன். உருவம் ஒன்றாகிவிடும், ஆனால் தூரம் தெரியாது. டபராவுக்கு வெளியே காபி ஊற்றியிருக்கிறேன். குழம்புக் கரண்டி, கேஸ் அடுப்புப் பக்கம் கவனம். ஸ்கூட்டர் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டேன், கண்ணை மறைத்துக்கொண்டு ஓட்டலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பழைய கண்ணாடியையும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள், ஆபரேஷன் ஆன கண்ணின் பவர் மாறிவிட்டது.

காத்திருக்கவே கூடாத நேரங்களும் உண்டு. திடீரென்று இரட்டையாகத் தெரிந்து, கூடவே இமை தொங்குவது, ஒரு கண்ணின் பாப்பா பெரிதாவது, கடுமையான தலைவலி, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் இவற்றில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதமாகவோ மூளை ரத்தக்குழாய் வீக்கமாகவோ இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கண் தசைக்குப் போகும் நரம்பு பாதித்தும் இரட்டைப் பார்வை வரும். அது பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும் என்றாலும், அதுதான் இது என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். ஆபரேஷன் ஆன கண்ணில் வலி, சிவப்பு, பார்வை குறைவது என்றால் அன்றே காட்டுங்கள், மறுநாள் வரை வேண்டாம்.

எனக்கு இடது கண்ணும் போன மாதம் முடிந்துவிட்டது. முன்கூட்டியே போட்டோ கதையைச் சொன்னேன். ஊசி இல்லாமல் சொட்டு மருந்திலேயே செய்தார்கள். பிரிஸத்தின் அளவு மாறவில்லை. இன்றைக்கு இந்தப் பேச்சை நானே படித்துத்தான் எழுதினேன்.

செயலாளரிடம் ஒரு கோரிக்கை. பேஸ்மென்டிலிருந்து பி பிளாக் லிஃப்டுக்கு வரும் 11 படிகளும் ஒரே சாம்பல் கிரானைட். விளிம்பே தெரியவில்லை. ஒவ்வொரு படியின் ஓரத்திலும் மஞ்சள் பட்டை ஒட்டி, எரியாத அந்த ட்யூப் லைட்டை மாற்றித் தாருங்கள். பராமரிப்புக் கணக்கில் என்ன ஆகும் என்று கடையில் விசாரித்து எழுதி வைத்திருக்கிறேன், பொதுக்குழுவில் தருகிறேன்.