மனை வாங்கும் முன் மண்ணின் பழமையையும் விசாரிப்போம்

(குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





சென்ற மாதம் நமது அலுவலகத்துக்கு ஒரு குடும்பத்தார் வந்தார்கள். வளைகுடாவில் பல வருடம் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஜமீன் பல்லாவரத்தில் மனை வாங்கியிருந்தார்கள். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சரி. கட்டட அனுமதிக்குப் போனபோதுதான், அது தொல்லியல் துறையின் தடை எல்லைக்குள் இருப்பது தெரிந்தது. இனி ஒரு குடும்பத்துக்கு இது நேரக்கூடாது என்றே இன்று இதைப் பேசுகிறோம்.

நம் பல்லாவரம் சாதாரண ஊர் அல்ல. 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கேதான் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். பெருங்கற்கால மக்களின் ஈமச் சின்னங்களும் இங்குள்ளன. அதனால் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பு வந்தது.

1958-ஆம் வருடச் சட்டப்படி, ஓர் இடத்தைப் பாதுகாக்க எண்ணினால் அரசு முதலில் இரண்டு மாத அறிவிப்புத் தர வேண்டும். அதன் நகலை அந்த இடத்தருகே ஒட்ட வேண்டும். அந்த இரண்டு மாதத்துக்குள் ஆட்சேபம் சொல்லலாம். பிறகே அரசிதழில் இறுதி அறிவிப்பு வரும். சுவரில் ஒட்டிய காகிதத்தை நாம் படிக்காமல் கடந்து போனால், வாய்ப்பும் கடந்து போகும்.

பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். மீறினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்க விண்ணப்பிக்கலாம். ஆகவே பழைய வீட்டு வரி ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

சென்னை நகரில் இன்னொரு வழியும் உண்டு. அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை அதன் உரிமையாளரான எல்.ஐ.சி. இடிக்க முற்பட்டபோது, இன்டாக் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2010-இல் உயர் நீதிமன்றம் இடிக்கத் தடை விதித்தது. சி.எம்.டி.ஏ.வின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு பழைய கட்டடங்களை ஆய்ந்து தரம் பிரிக்கிறது. சொந்தக் கட்டடம் என்பதால் மட்டும் இடித்துவிட முடியாது.

இதை நாம் சுமையாக மட்டும் பார்க்கக் கூடாது. ஆற்காடு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையில் கலச மகால் 2012-இல் தீக்கிரையானது. இடித்திருந்தால் நம் வரலாற்றில் ஒரு பக்கம் போயிருக்கும். சீரமைத்தார்கள், இன்று அங்கே பசுமைத் தீர்ப்பாயம் இயங்குகிறது.

எனவே மூன்று வேண்டுகோள்கள். வாங்குபவர்கள் முன்பணம் தரும் முன் சர்வே எண்ணுடன் மாநகராட்சியிலும் தொல்லியல் துறையிலும் எழுத்து மூலம் கேளுங்கள்; வில்லங்கச் சான்று மட்டும் போதாது. விற்பவர்கள் தடை இருப்பதை மறைக்காதீர்கள். குறையை மறைத்து விற்பதில் பரக்கத் இல்லை. பழைய பள்ளிவாசல்களின் முத்தவல்லிகள் புதுப்பிக்கும் முன் கட்டடத்தின் வயதையும் விதிகளையும் விசாரியுங்கள்.

விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் ஆவணங்களோடு நமது அலுவலகத்துக்கு வாருங்கள். உதவக் காத்திருக்கிறோம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான, நிம்மதியான இல்லங்களைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.